சீனித்துளசி மக்கர் செய்தால்: வேலூர் வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் ஏற்ற பிழை நீக்கும் வழிமுறை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படும் இனிப்பு இலைச் செடியான சீனித்துளசியை (ஸ்டீவியா) வளர்ப்பவர்களும், நடுவதற்கு அதன் குச்சிகளை மாற்றிக்கொள்பவர்களும் சொல்லும் புகார்கள் திரும்பத் திரும்ப இந்த ஏழெட்டுதான். எல்லாவற்றுக்கும் முதலில் உரம்தான் வாங்குகிறார்கள். கோளாறோ பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும், இல்லையென்றால் பகல் பொழுதின் நீளத்தில் இருக்கும். உரத்தைக் கடைசியாகத் தொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுவது), அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாள், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு பூதக்கண்ணாடி, ஒரு வெள்ளைத் தாள். மீட்டர் வாங்கத் தயங்குகிறவர்கள் அதைவிட அதிகப் பணத்தை நுண்ணூட்டக் கலவையில் கரைத்துவிடுகிறார்கள்.

அறிகுறி 1: இலை ஓரம் கருகுகிறது

எந்த இலை, எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.

மேற்குப் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருந்தால்: வெயில். இந்தச் செடிக்கு 30 டிகிரி வரை சுகம். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் 40-ஐத் தாண்டுகிறது. மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தால் வேரே வெந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். சூடு தாங்காமல் விரலை எடுத்துவிட்டால் வேருக்கும் அதே கதிதான். செலவில்லாத வழி, தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அதைவிடப் பெரிய பழைய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய் மட்டையைத் திணிப்பது. அடுத்த கட்டம் 50 சதவீத நிழல்வலை. மார்ச் கடைசியில் கட்டி, முதல் நல்ல மழைக்குப் பிறகு கழற்றுங்கள். ஆண்டு முழுவதும் வலைக்கடியில் வைத்தால் செடி நெட்டையாக வளரும், இனிப்பு குறையும்.

அடி இலைகளில் தொடங்கி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நுனியும் ஓரமும் பழுப்பானால்: உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தண்ணீரை அளந்து பாருங்கள். மீட்டர் 500-க்குள் காட்டினால் கவலையில்லை. 500 முதல் 1000 வரை என்றால் மாதம் ஒருமுறை தொட்டியைக் கழுவிவிட்டால் செடி தாங்கும். 1000-க்கு மேல் என்றால் அதைத் தனியாக ஊற்றக் கூடாது. பாலாற்றங்கரை ஊர்களில் ஒரே தெருவில் ஒரு போரில் 600, பத்து வீடு தள்ளி 1800 என்று வரலாம். அதனால் பக்கத்து வீட்டு அனுபவம் உங்களுக்கு உதவாது, உங்கள் தண்ணீரையே அளக்க வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர். வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுவார்கள். உள்ளே போன உப்பில் பெரும்பகுதி அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், சீனித்துளசிக்கு வேண்டாம். இன்னொன்று, மாடித் தொட்டிக்கு முன்னால் மாட்டும் சாஃப்ட்னர். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தரும். சோப்பு நன்றாக நுரைக்கும், செடி கருகும். சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்து ஒரு குழாய் பிரித்து எடுங்கள்.

தொட்டியைக் கழுவுவது இப்படி: 15 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டிக்கு 30 லிட்டர் நல்ல தண்ணீர், மூன்று தவணையாக, அரை மணி இடைவெளியில், மெதுவாக. அடியில் வடியும் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து அளந்து பாருங்கள். மீட்டர் காட்டும் எண், ஊற்றும் தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தலாம். உரம் போட்டிருந்தால் அதுவும் போய்விடும், பத்து நாள் கழித்துக் கொஞ்சமாக மறுபடி போடுங்கள்.

கலப்புக் கணக்கு எளிது. 1600 காட்டும் போர் தண்ணீரும் 300 காட்டும் காவிரித் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் 950. மழைநீர் என்றால் பாதிக்குப் பாதியில் 800. ஆடி, ஆவணியில் மாலை இடிமழையைக் கூரையிலிருந்து இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் நான்கைந்து தொட்டிக்குப் பல வாரம் ஓடும். முதல் பத்து நிமிட மழையைப் பிடிக்காதீர்கள், கூரைத் தூசியெல்லாம் அதில்தான் வரும்.

தண்ணீர் நன்றாக இருந்தும் உப்பு அறிகுறி வந்தால், தென்னை நார்க்கழிவுக் கட்டியைச் சந்தேகப்படுங்கள். கழுவாத கட்டியில் உப்பு ஏராளம். ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறை தண்ணீர் மாற்றி, கடைசிப் பிழிதண்ணீரை அளந்த பிறகே கலவையில் சேருங்கள்.

எல்லாம் செய்தும் போர் தண்ணீர் 2000-க்கு மேல் காட்டினால், அல்லது தோல் தொழிற்சாலைப் பகுதிக்குப் பக்கத்துக் கிணறு என்றால், தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. நீங்கள் வாயில் போடப்போகும் இலை இது.

அறிகுறி 2: ஈரம் இருந்தும் செடி வாடி நிற்கிறது

தண்ணீர் ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். வாடினால் குடத்தைத் தூக்குவது கைப்பழக்கம்; இந்த இடத்தில் அதுதான் செடியைக் கொல்கிறது.

தொட்டியைச் சாய்த்து அடித்துளையில் குச்சி விட்டுப் பாருங்கள். அடைத்திருந்தால் திறந்து, நிழலில் மூன்று நாள் விடுங்கள். மாலையில் நிமிர்ந்து மதியத்தில் மட்டும் வாடினால் வெறும் வெயில் வாட்டம். காலை ஆறு மணிக்கும் தொங்கினால் வேர்க் கோளாறு.

அடுத்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போன்ற வெள்ளை அல்லது பழுப்பு உருண்டைகள் இருந்தால் அது ஸ்கிளிரோஷியம் பூசணம். அந்தச் செடி பிழைக்காது. மேல் நுனிகள் பச்சையாக இருந்தால் இரண்டு மூன்று குச்சி வெட்டி வேர் பிடிக்க வைத்துக்கொண்டு, மீதியை மண்ணோடு மூட்டை கட்டி வெளியேற்றுங்கள். உரக்குழியில் போட வேண்டாம், அந்தக் கடுகுகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். பக்கத்துத் தொட்டிகளுக்கு, ஒரு கிலோ மக்கிய தொழு உரத்தில் 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) கலந்து, ஈரம் தெளித்து, ஒரு வாரம் நிழலில் மூடி வைத்துத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போடலாம். கூடவே தாமிரப் பூசணக்கொல்லி ஊற்றினால் டிரைக்கோடெர்மாவும் செத்துப்போகும். இரண்டில் ஒன்றுதான்.

வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து நரம்பு மட்டும் கையில் வந்தால் அழுகல். அழுகியதை வெட்டி, இலையைப் பாதியாகக் குறைத்து, மண் 2 பங்கு, ஆற்று மணல் 1, நார்க்கழிவு 1, மண்புழு உரம் 1 என்ற புதுக் கலவையில் மாற்றுங்கள். வேரில் பாதிக்கு மேல் போயிருந்தால் உழைப்பு வீண், குச்சி எடுப்பதே லாபம்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. மண்ணை மே மாதம் நனைத்து, நிறமில்லாத மெல்லிய பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி நான்கிலிருந்து ஆறு வாரம் மாடியில் காயப்போடுங்கள். வேலூர் வெயில் உருப்படியாகப் பயன்படும் சில வேலைகளில் இது ஒன்று.

நிலத்தில் 50 செடிக்கு மேல் வைத்து வரிசையாகச் சாய்ந்தால் நீங்களே மருந்து தேடாதீர்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மாதிரி எடுத்துப் போங்கள்.

அறிகுறி 3: இலை வெளுக்கிறது

கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்று பொருள் இல்லை. தண்ணீரில் சுண்ணாம்புத் தன்மை அதிகமாகி அதைப் பூட்டிவைத்திருக்கிறது. பிஎச் தாள் 7.5-க்கு மேல் காட்டுகிறதா பாருங்கள். ஒரு குடம் தண்ணீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) சேர்த்து 6.5-க்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் ஊற்றிப் பாருங்கள். நேற்று மூன்று சிட்டிகை போதும் என்றால் இன்றும் போதும் என்று எண்ணாமல் தினமும் தாளில் பார்த்துச் சேருங்கள். மாறவில்லையென்றால் செலேட் இரும்பு, அதாவது சுண்ணாம்பு பூட்டிவிடாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு. அதிலும் ஈடிடிஏ வகை நம் காரத் தண்ணீரில் சீக்கிரம் பயனற்றுப்போகும். ஈடிடிஎச்ஏ வகை விலை கூடுதல், ஆனால் வேலை செய்யும். லிட்டருக்கு ஒரு கிராம், வேரில் மட்டும்.

அடி இலை முழுக்க மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் விட்டு ஊற்றினால் போதும். அதிகமானால் இலை பெரிதாகும், இனிப்பு இருக்காது.

இலை மேலே ஊசி குத்தியது போல வெளிர் புள்ளிகள் இருந்தால் அது சத்துக்குறை இல்லை. இலையை வெள்ளைத் தாள் மேல் தட்டுங்கள். தூசி நடந்தால் சிலந்திப் பேன். கோடையில் இது நிச்சயம் வரும். இலையின் அடிப்பக்கம் படும்படி மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் இரண்டு வாரத்தில் அடங்கும். வேப்பெண்ணெய் அடிக்கலாம்தான், ஆனால் இனிப்பு இலையில் வேம்பின் கசப்பு ஒட்டிக்கொள்ளும். அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி 4: முழங்கால் உயரம் வருமுன்பே பூக்கிறது

இது நோய் இல்லை. பகல் ஏறத்தாழ 13 மணி நேரத்துக்குக் குறைந்தால் இந்தச் செடி பூக்கத் தொடங்கும். வேலூரில் ஜூன் 21-ஐ ஒட்டி வரும் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம்தான். ஆகவே நம் ஊரில் ஆண்டு முழுவதும் பூக்கப் பார்க்கும், ஐப்பசி முதல் தை வரை பிடிவாதமாகப் பூக்கும். பூத்தால் இலையில் இனிப்பு இறங்கும், தண்டு கட்டை பாயும், அந்தக் குச்சி வேரும் பிடிக்காது.

செலவில்லாத வழி கிள்ளுவது. செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை அரைச் சாண் வந்ததும் மறுபடி. மொட்டு தெரிந்த அன்றே, அதற்கு இரண்டு கணு கீழே வெட்டுங்கள். மொட்டை மட்டும் கிள்ளினால் பக்கத்துக் கணுவில் அடுத்த வாரம் அதே கதை.

எல்லாக் கிளையும் பூத்துவிட்டால் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டலாம். ஒன்றிரண்டு இலைக்கிளையாவது மிச்சம் இருக்கட்டும், மொட்டையடித்த செடி சில நேரம் தளிர்ப்பதே இல்லை.

குச்சி எடுப்பதற்கென்று வைத்திருக்கும் தாய்ச்செடியை மட்டும் பூக்காமல் காக்க வேண்டுமானால் விளக்கு. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு, செடிக்கு மூன்றடி மேலே, மாலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை, டைமரில். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் பலன் இல்லை. மாடியில் மழை படும் இடம் என்றால் ஒயர் இழுக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அறிகுறி 5: இலையில் இனிப்பே இல்லை

செடி சீனித்துளசிதானா என்று முதலில் பாருங்கள். பேரில் துளசி இருந்தாலும் இது துளசிக் குடும்பம் இல்லை, சாமந்தியின் உறவு. கசக்கினால் துளசி மணம் வராது. துளசித் தண்டு நாற்கோணம், இதன் தண்டு உருண்டை. இலைகள் எதிரெதிராக, மேல் பாதியில் பல் வெட்டோடு இருக்கும். வயலோரம் தானாக முளைக்கும் சர்க்கரை வேம்பும் இந்தப் பேரில் கை மாறுகிறது. அதில் ஒரு கணுவில் மூன்று இலை வரும், சுவையில் கசப்புதான் தூக்கும். இன்சுலின் செடியைக் கொடுத்து ஏமாற்றுவதும் உண்டு, அது புளிக்கும்.

செடி சரி என்றால், பூத்திருக்கிறதா? நாள் முழுக்க நிழலா? தழைச்சத்து மிஞ்சிவிட்டதா? மூன்றும் இல்லையென்றால் விதையிலிருந்து வந்த செடியாக இருக்கும். விதைச் செடிகள் ஒன்றுபோல் ஒன்று இனிக்காது. நான்கைந்து செடியின் நடு இலையை வாய் கொப்பளித்துக் கொப்பளித்துச் சுவைத்து, நல்லதை மட்டும் தாய்ச்செடியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு ஆண்டான கட்டைச் செடியை விட்டுவிட்டுப் புதுக் குச்சிக்கு மாறுங்கள்.

காய்ந்த இலை கறுத்துப் பூசணம் பிடித்தால் கோளாறு உலர்த்தலில். 100 கிராம் பச்சை இலை காய்ந்தால் ஏறக்குறைய 20 கிராம் நிற்க வேண்டும். 25-க்கு மேல் இருந்தால் டப்பாவில் போடாதீர்கள். கார்த்திகை மழையில் மின்விசிறிக்கடியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள், வெயிலுக்குக் காத்திருந்தால் கறுத்துவிடும்.

சர்க்கரை நோயாளிக்கென்று கேட்டு வாங்குபவர்களிடம் இலையை மட்டும் கொடுங்கள், மருந்தைக் குறைக்கும் யோசனை கொடுக்காதீர்கள். அது மருத்துவர் பேச்சு.

அறிகுறி 6: விதை முளைக்கவில்லை

முளைக்காமல் போவதுதான் வழக்கம். விதையை வெள்ளைத் தாளில் கொட்டி நகத்தால் அழுத்துங்கள். கறுத்துக் கெட்டியாக இருப்பது உயிருள்ளது, வெளிறி நசுங்குவது பதர். இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே தாயின் குச்சிகளிலிருந்து பத்துத் தொட்டி வைத்தாலும் கணக்குக்கு அது ஒரே செடிதான், கிடைப்பது பதர்தான். விதை மாற்றிக்கொள்பவர்கள் குறைந்தது இரண்டு வேறு வேறு தாய்ச்செடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தனவா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கறுப்பு விதையை மேலாகத் தூவி, மண் மூடாமல், வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு விடுங்கள். இதற்கு நிபுணரிடம் போகும் செலவில் நல்ல குச்சி வாங்கலாம்.

அறிகுறி 7: குச்சி வேர் பிடிக்கவில்லை

நுனி கறுத்து அழுகினால் ஈரம் அதிகம். இலை சுருண்டு காய்ந்தால் காற்றில் ஈரம் போதவில்லை. பச்சையாகவே நின்று, ஒரு மாதமாகியும் வேர் இல்லையென்றால் பூத்த கிளையிலிருந்து எடுத்த குச்சி.

சரியான குச்சி: மொட்டில்லாத கிளை, 10 முதல் 12 சென்டிமீட்டர், நான்கு கணு. கீழ் இரண்டு கணுவின் இலையை எடுத்துவிட்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே சுத்தமான பிளேடால் வெட்டி, கழுவிய நார்க்கழிவும் மணலும் சமமாகக் கலந்த கப்பில் இரண்டு கணு புதையும்படி செருகுங்கள். மேலே அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து வையுங்கள். வெயில் படாத வெளிச்சம். மூன்று வாரம். இழுத்துப் பார்க்காதீர்கள், கப்பின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிய வேண்டும். சித்திரை, வைகாசியில் இந்த வேலையே வேண்டாம்.

அறிகுறி 8: பார்சலில் வந்த செடி செத்த மாதிரி இருக்கிறது

தண்டை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது.

இலை மஞ்சளாகி உதிர்ந்து, தண்டு பச்சை: இருட்டில் கிடந்த கோளாறு. நிழலில் ஒரு வாரம் வைத்தால் கணுவில் துளிர் வரும். இலை கறுத்துக் கொழகொழத்து நாறினால் ஈரத்தோடு காற்றில்லாமல் வெந்திருக்கிறது. அழுகியதை உடனே வெட்டி, நுனியில் மீதம் இருந்தால் குச்சியாகச் செருகுங்கள். தண்டு சுருங்கி உள்ளே பழுப்பு: விட்டுவிடலாம். எப்படி வந்தாலும் அன்றே உரமும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

அனுப்புபவர் செய்ய வேண்டியது: முந்தின நாள் தண்ணீர் ஊற்றி, அனுப்பும் நாள் ஊற்றாமல், இலையைப் பாதி குறைத்து, வேர்க்கட்டியை மட்டும் ஈர நார்க்கழிவோடு பிளாஸ்டிக்கில் கட்டி, இலைப்பகுதியைச் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். பெட்டியில் எட்டுப் பத்து ஓட்டை. திங்கள் காலையில் போடுங்கள், வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் வேகும். குடியாத்தத்திலிருந்து வாணியம்பாடிக்குக் கூரியரே தேவையில்லை, வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவது பத்திரம். பெட்டியைத் திறக்கும்போதே படம் எடுத்து வைத்தால் பின்னால் சண்டை வராது.

வாங்கிய செடி எதுவானாலும் 15 முதல் 21 நாள் மற்ற செடிகளுக்கு எட்டடி தள்ளி வையுங்கள். சீனித்துளசிக்கு வரும் மாவுப்பூச்சி பெரும்பாலும் மாற்றிக்கொண்ட செம்பருத்தியோடு வீட்டுக்குள் வருகிறது. இலைக்காம்பு இடுக்கில் பஞ்சு தெரிந்தால் சானிடைசரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுங்கள். மண்ணுக்குள் வேரிலும் வெள்ளைப் பஞ்சு இருந்தால் செடியைத் திருப்பிக் கொடுங்கள், வைத்துக்கொண்டு போராட வேண்டாம். சீனித்துளசியோடு மாற்றிக்கொள்ளும் மற்றச் செடிகளில், கற்பூரவல்லிக் குச்சி அழுகி வந்தால் ஈரமாகக் கட்டியதே காரணம், அதை வெட்டி ஒரு நாள் காயவைத்துத்தான் கட்ட வேண்டும். பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்தின் அடிக்கிழங்கு அழுத்தினால் அமுங்கக் கூடாது, அமுங்கினால் பரிமாற்றத்தையே மறுத்துவிடுங்கள்.

மாதிரி எடுத்துப் போகும்போது

ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போனால் யாராலும் சொல்ல முடியாது. பாதி பாதித்த செடியை வேர்க்கட்டியோடு பிடுங்கி, மண் உதிராமல் கவரில் போட்டு, அன்றே கொண்டுபோங்கள். கூட நல்ல செடியின் ஒரு கிளை, ஒப்பிட. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுப்பதென்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் பாட்டிலில் நிரம்பப் பிடியுங்கள். கடைசியாக என்ன உரம், என்றைக்குப் போட்டீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.